இலைக்கு மூன்று எண்

அத்தியாயம் பதினொன்று

அச்சகத்து முதலாளி வைத்த கெடு இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது.

அம்மா பத்தொன்பது வருடமாக அந்த அச்சகத்தின் முன்மேசையில் உட்கார்ந்து ஆர்டர் வாங்குகிறாள். இனி அந்த நாற்காலியில் இருப்பவர், வந்தவர் எதிரிலேயே கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் காட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பரீட்சையும் அவரே வைத்தார். வருடக் கடைசி விடுமுறைக்கு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையை அம்மா தனியாகச் செய்து, சனிக்கிழமை ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். நன்றாக வந்தால் நாற்காலி அம்மாவுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள்.

இரண்டு மாதத்துக்கு முன் அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அம்மா அழவில்லை. முன்னறையில் படுக்கையை விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். படுக்கையை முன்னறைக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. அப்பாவின் குறட்டை என்றாள். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. குறட்டை அப்படிப்பட்டது.

பெரியவளுக்கு இது ஏழாவது மாதம். "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போறேம்மா" என்று கணவன் வீட்டிலிருந்து மூன்று தடவை கேட்டாள். கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று அம்மா மூன்று தடவையும் சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை பெரியவள் பதில் பேசாமல் போனை வைத்தாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

வீட்டோடு இருக்கும் சின்னவளுக்கு அம்மாவிடம் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அம்மா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

அப்பா ஒரு காலில் மட்டும் ஷூவோடு வந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். 'மேலே, கீழே தவிர வேற திசை தெரியாத மனுஷன்' என்று அம்மா சொல்வாள்.

திரையில் ஒரு கிளை. அதில் பன்னிரண்டு இலை. இலைகளுக்கு நடுவே கொத்துக் கொத்தாகப் பழம். கீழே, 'விடுமுறை நாள்கள் இனிதாகட்டும்' என்று வளைந்து ஓடும் எழுத்து.

"நல்லா இருக்கு" என்றார் அப்பா. பிறகு குனிந்தார். "இலை எங்கே?"

"இதோ இருக்கே."

"இது இலையா? கிளை பூரா ஒரே பழமா இருக்கே, தாங்குமான்னு பார்த்தேன்."

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"புதுசா இருக்கட்டும்னு பண்ணேன்."

"சிவப்பு இலை?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"இருக்கட்டும் தாயே. நான் இன்னொரு ஷூவைத் தேடுறேன்."

சின்னவள் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றாள். இலை, பழம் எல்லாமே சிவப்பு. இலை கொஞ்சம் கருஞ்சிவப்பு, பழம் பளீர் சிவப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"இப்படியேவா அனுப்பப் போறே?"

"ஆமா."

"இலைக்குள்ள பழம் காணாமப் போயிருச்சேம்மா."

"நீ உன் கடையில கண்ணாடி விக்கிற வேலையைப் பாரு."

"அக்காவை வர வேண்டாம்னு சொல்லிட்டுப் பண்ணின அட்டைதானே. இப்படித்தான் இருக்கும்."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் திறந்து கிடந்த நோட்டை மட்டும் மெதுவாக மூடினாள்.

சின்னவள் டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் போகும்போது மனசு உறுத்தியது. அம்மா இந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டது சாதாரணமாக இல்லை. முதல் நாள் வகுப்பில் மவுஸை நகர்த்திக்கொண்டே போய், "டீச்சர், மேசை முடிஞ்சு போச்சு, இனி எங்கே போறது?" என்று கேட்டவள். டீச்சருக்கு வயது இருபத்துமூன்று. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்ததாம். ஆனால் லேயர் என்றால் என்ன என்பது வகுப்பிலேயே முதலில் அம்மாவுக்குத்தான் புரிந்தது. நிறத்துக்கு ஒரு தகடாக அச்சேறுவதைப் பத்தொன்பது வருடம் பார்த்தவள். "ஒண்ணு மேல ஒண்ணு, அடியில இருக்கிறது மறையும், அவ்வளவுதானே" என்றாளாம். ஆறு வாரத்தில் ஒரு இலையின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து வளைத்து வரைய வந்துவிட்டது.

அதைப் போய்க் கிண்டல் செய்துவிட்டோமே என்று நினைத்தாள். பிறகு பெரியவளை நினைத்தாள். உறுத்தல் நின்றது.

கண்ணாடிக் கடையில் சனிக்கிழமை கூட்டம். உள் அறையில் மேடம் கண் பரிசோதிப்பார். வெளியே மேசையில் சின்னவள் படிவம் நிரப்புவாள். வயது, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தற்போது சாப்பிடும் மாத்திரைகள். ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது இதே கேள்வி.

பன்னிரண்டு மணிக்கு வந்த பெரியவர் நான்காவது கேள்வியில் முரண்டு பிடித்தார்.

"மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்னம்மா சம்பந்தம்? வயித்துக்குள்ள போறது வயித்தோட போகுது."

உள்ளே இருந்து மேடம் குரல் வந்தது. "அப்படி இல்லை சார். சில மாத்திரை கண்ணைக் காய வைக்கும். சிலது நிறத்தையே எடுத்துரும். எல்லாத்தையும் சொல்லுங்க."

சின்னவளின் பேனா நின்றது.

போன வாரம் அம்மா ஒரு கிலோ தக்காளி வாங்கி வந்தாள். பாதி பச்சைக் காய். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அப்பா திட்டினார். அதற்கு முந்திய வாரம் அப்பாவின் பச்சைச் சீருடையில் பழுப்பு நூலால் பொத்தான் தைத்திருந்தாள். அப்பா கவனிக்கவில்லை. சின்னவள் கவனித்தாள். ஏதோ அவசரம் என்று விட்டுவிட்டாள்.

அவசரமா? தெருவிளக்கு வெளிச்சத்தில்கூட நூலைச் சரியாகப் பொருத்துகிறவள் அம்மா. பக்கத்துத் தெரு தையல்காரர், சந்தேகம் வந்தால் துணியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம்தான் வருவார்.

பெரியவர் போனதும் உள்ளே போனாள்.

"மேடம், நல்லா நிறம் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு, திடீர்னு பச்சையும் சிவப்பும் தெரியாமப் போகுமா?"

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கலாம்."

"பிறவியிலேயே இருக்கிறது வேற. நடுவில வந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். முதல்ல என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு கேளு. யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அலமாரியிலிருந்து புள்ளிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் புத்தகம்.

"மூணு மணிக்குக் கிளம்பிப் போ. தெரிஞ்சவங்களை நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதே."

கம்ப்யூட்டர் வகுப்பு ஒரு எழுதுபொருள் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில். படி குறுகல். சின்னவள் மேலே போனபோது மணி நான்கு ஆக ஐந்து நிமிடம். அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். வேறு மாணவர்கள் யாரும் இல்லை. டீச்சர் மட்டும் வாசல் மேசையில் எதையோ தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க ஆன்ட்டியோட பொண்ணா? உங்கம்மா மாதிரி ஸ்டூடண்ட் எனக்குக் கிடைச்சதே இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் நம்பர் எழுதி வச்சிருக்காங்க. நாங்கள்லாம் கண்ணால பார்த்து எடுத்துக்குவோம். அவங்க நிறப் பட்டையைத் தொடவே மாட்டாங்க. நம்பர்தான்."

சின்னவள் கடைசி வரிசைக்கு நடந்தாள்.

அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்தாள். "என்ன, கடை லீவா?"

"உட்காரும்மா."

புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினாள். "இதுல என்ன நம்பர்?"

"பன்னிரண்டு."

அது எல்லோருக்கும் தெரியும் பக்கம். அடுத்ததைத் திருப்பினாள்.

அம்மா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லையே."

சின்னவளுக்கு அதில் எட்டு தெரிந்தது. அவ்வளவு பெரிய எட்டு. அடுத்த பக்கத்தில் ஐந்து. அம்மாவுக்கு அதிலும் ஒன்றும் இல்லை. நான்காவது பக்கத்தைத் திருப்புவதற்குள் அம்மா புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"போதும்."

"எப்போலேர்ந்து?"

"வயசாகுதுல்ல."

"வயசானா இப்படி ஆகாது." சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடையில் கேட்கும் அதே குரலில் கேட்க முயன்றாள். "நீ ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?"

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"சத்தம் போடாதே. டீச்சர் இருக்கு."

"சாப்பிடுறியா, இல்லையா?"

அம்மா கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டைக்குள் சுற்றி ஒரு மாத்திரை அட்டை. சின்னவள் பின்பக்கத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அவள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத்தில் மனப்பாடம் செய்த மருந்துப் பெயர்கள்.

"டி.பி.யா?"

"மெதுவா."

"எத்தனை நாளா?"

"வர்ற வாரத்தோட மூணு மாசம்."

காகிதத் தூசியால் வரும் இருமல் என்று அம்மா சொன்ன அந்த இருமல். முன்னறைக்குப் போன படுக்கை. சின்னவளுக்கு ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது.

"அதனாலதான் அக்காவை..."

"வயித்துப் பிள்ளையோட இருக்கா. சொன்னா பயந்துக்குவா. அவ மாமியார் வீட்ல பேசுவாங்க. சொல்லாம விட்டா வந்து நிப்பா. என்ன பண்ணச் சொல்றே? கம்ப்யூட்டர் மேல பழியைப் போட்டேன். அது திருப்பிப் பேசாது."

சின்னவள் மாத்திரை அட்டையைக் கைக்குட்டையில் திரும்பச் சுற்றினாள்.

"நிறம் மங்கினது ஒரு மாசமாத்தான்" என்றாள் அம்மா. "எழுத்து தெரியுது, ஆள் தெரியுது, படி தெரியுது. பச்சையும் பழுப்பும்தான் ஒண்ணாப் போச்சு. முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கணக்கு முடிச்சிருவாரு. நிறம் தெரியாதவளுக்கு அச்சகத்துல என்ன வேலை? அதான் டீச்சர்கிட்ட நம்பர் கேட்டு எழுதிக்கிட்டேன். மூணு கட்டம் இருக்கு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. நம்பரைப் போட்டா நிறம் அதுவா வரும். கண்ணே வேண்டாம்."

நோட்டைத் திறந்து காட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. பழம்: 198, 40, 40. இலை: 125, 46, 50.

சின்னவள் திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இலைக்கு மாத்தி எழுதியிருக்கேம்மா. இதுல சிவப்பு நூத்தி இருபத்தஞ்சு இருக்கு."

"இலை பச்சைதானே. அதனால பச்சையை முதல்ல எழுதினேன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "எந்த நிறமானாலும் கட்டத்துல முதல்ல சிவப்பா?"

"ஆமா."

"அப்போ உங்கப்பா காலையில சொன்னது..."

"நிஜம்தான். எல்லாமே சிவப்பாத்தான் இருக்கு."

அம்மா பன்னிரண்டு இலையையும் உற்றுப் பார்த்தாள். வாரக்கணக்கில் தினமும் பார்த்த இலைகள்.

சின்னவள் வெளியே படிக்கட்டில் நின்று மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் சுருக்கமாகப் பேசினார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே போங்கள். திங்கட்கிழமை என்று தள்ளாதீர்கள். கண் நரம்பு விஷயம்.

திரும்பி வந்தாள். "கிளம்பு. ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும்?"

"ஆறு. நான் அஞ்சு நிமிஷத்துல வரேன்."

"அம்மா, முதல்ல கண்ணு."

"அஞ்சு நிமிஷத்துல கண்ணு எங்கேயும் ஓடிடாது. அஞ்சு மணி ஓடிரும்."

"சரி, தள்ளு. நான் மாத்திக் குடுக்கிறேன்."

"நீ மவுஸைத் தொடக் கூடாது. தனியாப் பண்ணணும்னு சொல்லியிருக்காரு."

ஒவ்வொரு இலையாகத் தட்டி, முதல் கட்டத்தில் 46, இரண்டாவதில் 125, மூன்றாவதில் 50 என்று போட்டாள். ஒரே தடவையில் பன்னிரண்டையும் மாற்ற வழி உண்டு. சின்னவளுக்கே அது தெரியும். சொல்லவில்லை. அம்மாவின் விரல் எண் பலகையில் தப்பாமல் போய் வந்தது.

"இப்ப?" என்று அம்மா கேட்டாள்.

"பச்சை."

"எப்படிப்பட்ட பச்சை?"

சின்னவள் யோசித்தாள். "நல்ல பச்சை. மழை நின்னதும் தெரியுமே, அந்த மாதிரி."

அம்மா திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். தெரிகிறது என்பதுபோல. பிறகு ஃபைலை மெயிலில் சேர்த்து அனுப்பினாள். மணி நாலு முப்பத்தைந்து.

வாசலில் டீச்சர், "முடிஞ்சுதா ஆன்ட்டி? திங்கட்கிழமை ட்ரீட் உண்டுதானே?" என்றாள்.

"வேலை கிடைச்சா உண்டு. கிடைக்கலைன்னா நீ குடு" என்றாள் அம்மா.

இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். ஒரு சிக்னலில் வண்டி நின்றது. மேலே எரிகிற விளக்கை அம்மா பார்ப்பதைச் சின்னவள் பார்த்தாள். எந்த விளக்கு எரிகிறது என்று அம்மா இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாளோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

டாக்டர் இளைஞர். களைத்திருந்தார். புள்ளிப் புத்தகத்தை அவரே வாங்கி அம்மாவிடம் காட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"முதல் நாளே சொன்னேனேம்மா. பார்வையில மாற்றம் தெரிஞ்சா உடனே வாங்கன்னு."

"பார்வை தெரியுது டாக்டர். நிறம் மட்டும்தான்..."

"அதைத்தான் சொன்னேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த மாத்திரைகள்ல ஒண்ணு, சிலருக்குக் கண் நரம்பைத் தொடும். அதை இன்னியோட நிறுத்திடுறேன். மத்ததை விடக் கூடாது. திங்கட்கிழமை காலையில கண் பிரிவுக்குப் போயிடுங்க, எழுதித் தரேன்."

"திரும்பி வந்துருமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"சீக்கிரம் நிறுத்தினா பெரும்பாலும் வரும். மெதுவா வரும். மாசக் கணக்கு ஆகலாம். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது." ஆறுதலுக்காக அவர் வேறு எதுவும் சேர்க்கவில்லை. அது சின்னவளுக்குப் பிடித்திருந்தது.

மருந்து மாற்றித் தருகிற நர்ஸ் பக்கத்து அறையில் இருந்தார். பெரிய பதிவேடு. அம்மாவின் பக்கத்தைத் தேடி எடுத்தார். பிறகு சின்னவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாரு?"

"என் பொண்ணு."

"வெளியூர்ல இருக்காங்களா?"

"இல்லை. வீட்லதான்."

நர்ஸ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். 'உடன் வசிப்பவர்கள்' என்ற இடத்தில், 'யாரும் இல்லை' என்று எழுதியிருந்தது.

"தனியா இருக்கேன்னு சொன்னீங்களே."

அம்மா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஆள் அனுப்பிப் பரிசோதனை பண்ணுவோம்னு சொன்னீங்க. வீட்டுக்குத் தெரிஞ்சிரும்னு..."

"தெரியணும்னுதான்மா பண்றோம். உங்ககிட்டேர்ந்து இப்ப பரவாது. ஆனா மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருமிக்கிட்டு எத்தனை நாள் அவங்க கூட இருந்தீங்க?"

அம்மா சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் சொன்னாள். "ரெண்டு மாசம் இருக்கும்."

"நீ இங்க உட்காரு. உனக்கு இப்பவே டெஸ்ட் எடுத்துடலாம்." நர்ஸ் பழைய வரியை அடித்தார். "வேற யாரு வீட்ல?"

"அவங்க அப்பா."

"வேற பிள்ளைங்க?"

"பெரியவ. கல்யாணம் ஆயிருச்சு. மாசமா இருக்கா. மூணு மாசமா வரலை."

"வரலையா, விடலையா?"

"விடலை."

நர்ஸ் ஒரு விநாடி எழுதுவதை நிறுத்தினார். "அதுக்கு முன்னாடி?"

"ஒரு வாரம் வந்திருந்தா. என் பக்கத்துலதான் படுத்தா." அம்மாவின் குரல் அங்கே உடைந்தது. "அப்போ எனக்கே தெரியாதும்மா."

"பரவாயில்லை. அவங்களும் பார்த்துக்கணும். சொல்லிடுங்க. சரி, வேலை பார்க்கிற இடம்?"

அம்மாவின் போன் அடித்தது. முதலாளி. அம்மா சின்னவளைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், எடுத்தாள்.

சின்ன அறை. முதலாளி சத்தமாகப் பேசுகிறவர்.

"அட்டை பார்த்தேன். தனியாத்தானே பண்ணீங்க? பச்சை என்னமா வந்திருக்கு. திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் வந்துடுங்க. பெரிய ஆர்டர் ஒண்ணு வருது, நிறத்தை நீங்கதான் உட்கார்ந்து முடிவு பண்ணணும். நாற்காலி உங்களுக்குத்தான்."

"சரிங்க" என்றாள் அம்மா. "ரொம்ப நன்றிங்க."

போனை மடியில் வைத்தாள். அதன் வெளிச்சம் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆனாலும் பதிவேட்டிலிருந்து பேனாவை விலக்கவில்லை. அடுத்த கட்டத்தின் மேல் வைத்தபடியே காத்திருந்தார்.

"வேலை பார்க்கிற இடம்மா. உங்களைச் சுத்தி எத்தனை பேர் உட்கார்றாங்க?"

சின்னவள் அம்மாவின் கையைத் தொட்டாள். இதற்கும் யாரும் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள். சொல்லிவிட்டால் தேவலை என்றும் ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

அம்மா நேராக உட்கார்ந்தாள்.

"ஆறு பேர்" என்றாள். "முதலாளியையும் சேர்த்தா ஏழு. எழுதிக்கோங்க. அவர் நம்பர் நான் சொல்றேன்."